கொங்கு வரலாற்றுப் பாடத்துக்கு இணைய ஆவணங்கள்: எங்கே தேடுவது, வகுப்பில் எவ்வளவு கொடுப்பது?

பெருந்துறை வாத்தியார்:

வணக்கங்க. ஒன்பது, பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல், தமிழ் வழி. பாளையக்காரர் கிளர்ச்சி, தீரன் சின்னமலை, கும்பினி ஆட்சி, பஞ்சம் எல்லாம் பாடத்தில் வருது. பாடப்புத்தகத்தில் கோடு போட்டுப் படிக்கிறதோட நிக்காம, அந்தக் காலத்தில் எழுதின ஆவணத்தையே பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்னு யோசனை. சிக்கல் மூணு.

ஒண்ணு, ஈரோடு, கரூர்னு இன்றைய ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடினா 1950-க்கு முந்தினது அதிகம் வர்றதில்லை. ரெண்டு, கிடைக்கிறது முந்நூறு, நானூறு பக்க ஆங்கிலப் புத்தகம். மூணு, பீரியட் 45 நிமிஷம், வகுப்பறையில் நெட் கிடையாது, ஒரு புரொஜெக்டர் மட்டும் உண்டு. எந்த ஆவணம், எத்தனை வரி, எந்த வரிசைன்னு அனுபவப்பட்டவங்க சொன்னா உபயோகமா இருக்கும்.

காளிங்கராயன் வாய்க்கால்:

வாத்தியாரே, தேடல் பற்றி மட்டும் சொல்றேன். பாடம் நடத்துறதைப் பத்தி வேற யாராவது வருவாங்க.

1800-ஐ ஒட்டின ஆங்கில ஏடுகளில் நம்ம ஊர்ப் பெயர்களை அவங்கவங்க காதில் விழுந்தபடி எழுதி வெச்சிருக்காங்க. கரூருக்கு முதலெழுத்து 'கே' இல்லீங்க, 'சி'. பின்னால இரட்டை 'ஓ'. ஈரோட்டுக்கு இரட்டை 'ஆர்' போட்டும் பாருங்க. தாராபுரத்துக்கு 'டி'-க்கு அடுத்து 'எச்' இல்லாமத் தேடணும். சங்ககிரி தனியா வராது, பின்னால துர்க்கத்தின் ஆங்கிலத் திரிபு ஒட்டிட்டு வரும். கோயமுத்தூருக்கே, 1800-ல் இந்தப் பக்கம் சுத்தி எழுதின வெள்ளைக்காரர் புக்கானன் 'பி'-க்கு அடுத்து 'ஏ' போடாம 'ஈ' போட்டிருக்கார். ஆக ஒவ்வொரு ஊருக்கும் நாலஞ்சு எழுத்துக்கூட்டலை ஒரு நோட்டில் எழுதி வெச்சுட்டு உக்காருங்க. பாதி வேலை அதிலயே முடிஞ்சுது.

பொதுச் சொல்லும் அப்படித்தான். பாளையக்காரர்னு ஒலிபெயர்த்துத் தேடினா வராது, 'போலிகார்'னு தேடணும். கம்பு 'கம்பூ', சோளம் 'சோலம்', புஞ்சை 'புஞ்ஜா' ஆகியிருக்கும். 'மலபார் மொழி'ன்னு பழைய ஏட்டில் வந்தா பெரும்பாலும் அது தமிழ். பிள்ளைகள் நேரா கேரளாவுக்குப் போயிருவாங்க, முதல்லயே சொல்லிருங்க.

அடுத்தது மாவட்ட எல்லை. இன்றைய மாவட்டத்தை வெச்சுத் தேடினா ஏமாந்துபோவீங்க. ஈரோடு 1979 வரைக்கும் கோயமுத்தூர் மாவட்டம். திருப்பூர் தனி மாவட்டம் ஆனது 2009-ல். நாமக்கல், திருச்செங்கோட்டுச் சேதி 1997 வரைக்கும் பெரும்பாலும் சேலம் ஏடுகளில் இருக்கும். கரூர் 1910 வரைக்கும் கோயமுத்தூரோட, அப்புறம் திருச்சியோட. நீலகிரி 1868 வரைக்கும் கோயமுத்தூர். கொள்ளேகால்கூட 1956 வரைக்கும் கோயமுத்தூர் மாவட்டத் தாலுகாதான். 1799-க்கும் 1804-க்கும் நடுவில் இன்னும் வேற: பவானியை வெச்சு வடக்குப் பகுதி, தாராபுரத்தை வெச்சு தெற்குப் பகுதின்னு ரெண்டா இருந்து 1804-ல் ஒண்ணாச்சு. சின்னமலை காலத்துச் சேதி தேடுறவங்க இந்த ரெண்டு ஊர்ப் பெயரையும் விட்டுறக் கூடாது.

இடம்: முதலில் இன்டர்நெட் ஆர்க்கைவ், பழைய புத்தக ஸ்கேன்களை இலவசமா வெச்சிருக்கிற தளம். அதில் தேடல் பெட்டி தானா விவரக்குறிப்பை மட்டும்தான் துழாவும். கீழே இருக்கிற 'உள்ளடக்கத்தில் தேடு' வாய்ப்பை மாத்தணும், அப்பத்தான் பக்கத்துக்குள்ள இருக்கிற ஊர்ப்பெயர் வரும். கொங்குக்கு மூணு புத்தகம் போதும். பிரான்சிஸ் புக்கானன் 1800-01-ல் சுத்தினது, 1807-ல் மூணு தொகுதியா வந்தது. நம்ம பக்கம் ரெண்டாம் தொகுதியில் வருது. தேதி போட்டு, அன்னிக்குப் போன ஊர், அங்கே கேட்ட சேதின்னு எழுதியிருக்கறதால வெட்டி எடுக்கச் சுலபம். அடுத்தது நிக்கல்சனின் கோயமுத்தூர் மாவட்ட மேனுவல் (மாவட்டத்தைப் பத்தின அரசுக் கையேடு), 1887. மூணாவது லெ ஃபானுவின் சேலம் மேனுவல், 1883, ரெண்டு தொகுதி.

டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவில் இருந்து ஏத்தின பிரதிகளில் கவனமா இருங்க. தலைப்பு எழுத்துப்பிழையோட இருக்கும், ஆண்டு தப்பா இருக்கும், நடுவில் ரெண்டு பக்கம் காணாமப் போயிருக்கும். உள்ளே போய் முகப்புப் பக்கத்தைப் பார்த்துத்தான் ஆண்டை எழுதணும். முகவரியில் வர்ற 'என்' எண் ஸ்கேன் தாள் எண், அச்சுப் பக்க எண் இல்லை. ரெண்டையும் குறிச்சு வெச்சாத்தான் அடுத்த வருஷம் தேடாம இருப்பீங்க.

தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் கணக்குத் தொடங்கணும், காசு கிடையாது. பிரிட்டிஷ் நூலகத்துக்கான பழைய இணைப்புகள் பலதும் 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலுக்கு அப்புறம் செத்துப்போச்சு. வலைப்பதிவுகளில் இருக்கிற இணைப்பை நம்பிப் பாடம் தயார் பண்ணாதீங்க. எதுவானாலும் முதல் நாளே பக்கத்தை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கோங்க.

வருவாய்க் கணக்கில் பசலி ஆண்டு வரும். அதோட 590 கூட்டினா ஆங்கில ஆண்டு, ஜூலையில் தொடங்கும். பசலி 1287-ன்னா 1877 ஜூலை முதல் 1878 ஜூன் வரை.

நொய்யல்கரை:

வாத்தியார் கேட்ட மூணாவதுக்கு வர்றேன். ஆவணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினா பாடம் ஆகாது. ஒரு பீரியடுக்கு எட்டு வரிக்கு மேல மூல ஆவணம் வேண்டாம். சொன்னா யாரும் நம்பறதில்லை, ரெண்டு பக்கம் ஜெராக்ஸ் போட்டுக் கொண்டுபோறாங்க. பிள்ளைகள் முதல் பத்தியைத் தாண்டறதுக்குள்ள மணி அடிச்சிருது.

தாது வருஷப் பஞ்சத்தை வெச்சு ஒரு வகுப்பு சொல்றேன். தாது வருஷம்னா 1876 சித்திரையில் இருந்து 1877 பங்குனி வரைக்கும். பஞ்சம் 1878 வரைக்கும் நீண்டது. கொங்குக்குள்ள சேலம் பக்கம் அடி பலம். வீட்டில் பாட்டிமார் வாயில் இந்தப் பேரு இன்னும் இருக்கு, அதனால பிள்ளைகளுக்கு முழுக்க அந்நியமா இருக்காது.

முதல் நாளே ரெண்டு கவரில் கம்பு நிறுத்து வெச்சுக்கோங்க. ஒண்ணில் 450 கிராம், இன்னொண்ணில் 680 கிராம். வகுப்பு ஆரம்பிச்சதும் ஒண்ணும் சொல்லாம வரிசையா கை மாத்தி விடுங்க. எது கனம், எதில் எத்தனை வேளைச் சோறு ஆகும், மண் சுமக்கிற ஆளுக்கு நாள் முழுக்கப் போதுமா? இதுக்கு அஞ்சு நிமிஷம். கம்பு 450 கிராம்னா சுமார் 1,600 கலோரி. இந்தக் கணக்கை நீங்க சொல்லாதீங்க, கடைசியில் கேட்டா மட்டும் சொல்லுங்க.

அதுக்கு அப்புறம் தாள் கொடுக்கணும். அந்த 450 கிராம் எங்கிருந்து வந்ததுன்னா, 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பின சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வர்ற ஆம்பளை ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும்னு குறைச்சார். சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை ஒத்துக்கலை, குறைஞ்சது ஒண்ணரை பவுண்டாவது வேணும், கூட காயும் பருப்பு மாதிரி புரதமும் வேணும்னு வாதாடினார். ஒண்ணரை பவுண்டுதான் அந்த 680 கிராம். ரெண்டு பேரும் ஒரே அரசாங்கத்து அதிகாரிங்க. வெள்ளைக்காரன் எல்லாம் ஒரே மாதிரி பேசினான்னு நினைச்சிட்டிருக்கிற பையனுக்கு இந்த இடம்தான் முக்கியம். ரெண்டு பேர் வாதத்தையும் வில்லியம் டிக்பி 1878-ல் போட்ட பஞ்ச வரலாற்றில் இருந்து எடுக்கலாம், ரெண்டு தொகுதி, ஆர்க்கைவில் இருக்கு. டிக்பி அப்போ மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர். அதையும் தாளின் தலையில் ஒரு வரியில் எழுதிருங்க, யார் எழுதினதுன்னு தெரியாம எதையும் படிக்கக் கூடாது.

தாளை இப்படி மடிங்க: இடப்பக்கம் ஸ்கேன் பத்தி, வலப்பக்கம் உங்க தமிழாக்கம், கீழே யார், எப்போ, யாருக்காக எழுதினதுன்னு மூணு வரி. ஸ்கேன் எதுக்குன்னு கேப்பீங்க. படிக்க முடியாட்டியும் பரவாயில்லை, மூலம் ஒண்ணு இருக்கு, வாத்தியார் சொல்றது அதோட மொழிபெயர்ப்புத்தான்னு கண்ணுக்குத் தெரியணும். தமிழாக்கத்தை அழகுபடுத்தாதீங்க. 'நிவாரணம்'னு இருக்கிற இடத்தில் 'உதவி'ன்னு போட்டா வாக்கியத்தின் முகமே மாறிரும். கூலின்னு இருந்தா கூலின்னே விடுங்க.

கேள்வி மூணு போதும். இவர் எதைத் தெரிஞ்சு எழுதறார், எதை ஊகிச்சு எழுதறார்? இதைப் படிக்கப்போற மேலதிகாரி என்ன முடிவு எடுக்கணும்னு நினைக்கிறார்? இதில் யாரோட குரல் இல்லவே இல்லை? மூணாவதுக்கு ஒரு பிள்ளையாச்சும் 'சாப்பிட்டவன் குரல் இல்லை'ன்னு சொல்லும். சொன்னதும் பஞ்சக் கும்மியை எடுங்க. அந்தக் காலத்தில் பஞ்சத்தைப் பாடின சிந்து, கும்மி அச்சுக்கு வந்திருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பஞ்சம், கும்மி, கருப்பு, கரிப்புன்னு தனித்தனியாத் தேடுங்க. பழைய தமிழில் பஞ்சத்துக்குக் கருப்புன்னு பேரு, பேச்சில் கரிப்பு ஆயிரும். அதில் ஆறு வரி போதும், முடிஞ்சா ஒரு பிள்ளையைப் பாடச் சொல்லுங்க.

எங்கே கெடும்னா, பிள்ளைகள் ஆவணத்தைப் படிக்காமப் பாடப்புத்தகத்தில் இருக்கிற விடையை எழுதுவாங்க. அதனால விடையோட எந்த வரின்னு அடிக்கோடு போடச் சொல்லணும், கோடு இல்லைன்னா மதிப்பெண் இல்லை. இன்னொண்ணு, 'ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்றாங்க, அப்போ ஒருத்தர் பொய்'னு தீர்ப்பு எழுதிட்டு உக்காந்துக்குவாங்க. அவங்ககிட்ட திரும்ப ரெண்டாம் கேள்விக்குப் போகச் சொல்லுங்க.

பஞ்சத்து ஒளிப்படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். ஹூப்பர்ங்கற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி எடுத்தது பலதும் ஆட்களைக் கூட்டி உக்கார வெச்சு எடுத்தது. எலும்பும் தோலுமா இருக்கிறவங்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுறது எனக்கு ஒப்பலை. மேல்நிலை வகுப்பில், 'இந்தப் படத்தை எடுத்தவன் எங்கே நிக்கிறான்'னு கேக்கறதுக்காகன்னா சரி.

பெருந்துறை வாத்தியார்:

ரொம்ப நன்றிங்க. கம்புக் கவர் நல்லா இருக்கு. இதுக்குத் தோதா மக்கள்தொகைக் கணக்கும் சேர்க்கலாமா? கோயமுத்தூருக்கு 1871, 1881 எடுத்துப் பார்த்தா சுமார் ஆறு சதவீதம்தான் குறைவு. இதைக் காட்டினா 'பெரிய பாதிப்பு இல்லை'ன்னு பிள்ளைகள் எடுத்துக்குவாங்களோ?

அப்புறம் மேனுவல்களில் சாதி பத்தின அத்தியாயம் நீளமா இருக்கே, அதை என்ன பண்றதுங்க?

நொய்யல்கரை:

காட்டணும், ஆனா தனியாக் காட்டாதீங்க. சேலத்தைப் பக்கத்தில் வைங்க. கோயமுத்தூர் 1871-ல் 17.63 லட்சம், 1881-ல் 16.58 லட்சம். சேலம் 19.67 லட்சம் இருந்தது 16.00 லட்சம் ஆச்சு, ஏறக்குறைய 19 சதவீதம் வீழ்ச்சி. கரும்பலகையில் ரெண்டு வரிசையா எழுதிச் சதவீதத்தைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்க, கணக்கு வாத்தியாருக்கும் சந்தோஷம்.

அடுத்த கேள்வி உங்க சந்தேகத்துக்கே மருந்து. பஞ்சம் வராம இருந்திருந்தா இந்தப் பத்து வருஷத்தில் ஜனத்தொகை அப்படியே நின்னிருக்குமா? ஏறித்தானே இருக்கும். கோயமுத்தூரே 1881-லிருந்து 1891-க்குள்ள 20.05 லட்சம் ஆச்சு, அதாவது சுமார் 21 சதவீதம் ஏறினது. அப்போ கோயமுத்தூரில் குறைஞ்ச 1.05 லட்சம்ங்கறது செத்தவங்க எண்ணிக்கை இல்லை. பிறக்காமப் போன குழந்தை இதில் ஒளிஞ்சிருக்கு. இலங்கைக்கும் மலைத் தோட்டங்களுக்கும் பொழப்புத் தேடிப் போனவங்களும் உண்டு. 1871-ல் எண்ண விட்டுப்போனவங்க வேற. இத்தனையும் பிள்ளைகள் வாயில் இருந்து வரணும், நீங்க முந்திக்கக் கூடாது.

சேலத்துக்கு ஏன் இத்தனை, கோயமுத்தூருக்கு ஏன் குறைவுன்னு கேப்பாங்க. கிணத்துப் பாசனமான்னு ஒரு பையன் சொல்லுவான். கோயமுத்தூர்த் தோட்டக்கால் நிலமும் கவலை ஏத்தமும் (மாடு கட்டிக் கிணத்துத் தண்ணி இறைக்கிறது) நிக்கல்சன் மேனுவலில் விரிவா இருக்கு. 'சரி, அதுதான் காரணம்'னு முடிச்சுப் போட்டுராதீங்க. ரெண்டு மேனுவலிலும் கிணத்துக் கணக்கைத் தேடி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவுக்கு வீட்டுவேலையாக் கொடுங்க. விடை இழுபறியா வந்தாலும் வரட்டும்.

சாதி அத்தியாயத்தை ஒன்பது, பத்துக்குக் கொண்டுபோகாதீங்க. தென்னிந்தியச் சாதிகளைப் பத்தி 1909-ல் ஏழு தொகுதியா வந்த தர்ஸ்டன் புத்தகமும் அப்படித்தான். அதில் ஒரு கூட்டத்தைப் பத்தி ஒரு கேலி வரி இருந்தா, அந்த வகுப்பில் அந்தக் கூட்டத்துப் பிள்ளை மூணாம் பெஞ்சில் உக்காந்திருக்கும். இடைவேளையில் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். பயிர், சந்தை, கிணறு, சாலை, வரி, இதுலயே வருஷம் முழுக்கப் பாடம் இருக்கு.

கல்லெழுத்து:

இவ்வளவு நேரம் துரைமார் எழுதினதையே பேசிட்டிருக்கோம். தமிழில் இருக்கிற மூல ஆவணம் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்ட வரும், மொழிபெயர்ப்பும் வேண்டாம்.

கரூர்ப் பக்கம் வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டார் மலையில் இருக்கிற புகளூர்த் தமிழி (பழைய தமிழ் எழுத்து, தமிழ் பிராமின்னும் சொல்வாங்க) கல்வெட்டை எடுங்க. படமும் படியெழுத்தும் இணையத்தில் கிடைக்கும். வாசகம் இவ்வளவுதான்:

மூதா அமண்ணன் யாற்றூர் செங்காயபன் உறைய்
கோ ஆதன் செல்லிரும்பொறை மகன்
பெருங்கடுங்கோன் மகன் ளங்
கடுங்கோ ளங்கோ ஆக அறுத்த கல்

சேர அரசர்களில் தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறை நாலு வரிக்குள்ள நிக்குது. முதலில் தமிழி எழுத்து அட்டவணையைக் கொடுத்து 'மகன்' எங்கெங்க வருதுன்னு மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. ரெண்டு இடம். அது கிடைச்சதும் மத்த எழுத்து ஒவ்வொண்ணா அவிழும். 'இளங்கடுங்கோ' ஏன் 'ளங்கடுங்கோ'ன்னு நிக்குதுன்னு யாராவது கேட்டா, அன்னிக்குப் பாடம் ஜெயிச்சாச்சுன்னு வெச்சுக்கோங்க. எழுதினபடியே கொடுக்கணும், நீங்க 'இ' சேர்த்துத் திருத்திக் கொடுத்தா அந்தக் கேள்வியே பிறக்காது.

ரெண்டாம் பீரியடில், சேர அரசர்களைப் பாடின சங்க நூல் பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துப் பதிகங்களில் வர்ற இரும்பொறைப் பெயர்களை எழுதிப் பக்கத்தில் வைங்க. செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை. எது எதோட ஒத்துப்போகுது, எங்கே ஒட்டலை? அறிஞர்கள் இந்த மூணு பேரையும் கல்வெட்டு மூவரோட பொருத்திப் பேசியிருக்காங்க. ஆனா பாட்டில் இருக்கிற பெயரும் கல்லில் இருக்கிற பெயரும் அட்சரம் பிசகாம ஒண்ணா இல்லை. அந்த இடைவெளியை மூடாம அப்படியே காட்டுங்க.

ஈரோட்டுப் பிள்ளைகளுக்கு அறச்சலூர் இசைக் கல்வெட்டும் உண்டு. தா, தைன்னு தாளக்கட்டு எழுத்துகள் கட்டம் கட்டினாப்பல வரிசையா வரும், நீளவாக்கிலும் குறுக்கிலும் படிச்சுப் பார்க்கச் சொன்னா வகுப்பே கத்தும். பக்கத்து அறை வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லி வைங்க.

காளிங்கராயன் வாய்க்கால்:

கல்லெழுத்து சொன்னதோட சேர்த்து ஒரு சின்ன விஷயம். அச்சான பழைய தமிழ்ப் பக்கம் கொடுக்கும்போது பிள்ளைகள் தடுக்கி விழற இடம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தின எழுத்து. மொத்தம் பதிமூணு: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. இந்தப் பதிமூணையும் பழைய வடிவத்தில் ஒரு அரைத்தாளில் போட்டு மேசைக்கு ஒண்ணு ஒட்டிருங்க, பத்து நிமிஷத்தில் பழகிரும். ஓலைச்சுவடின்னா வேற கதை. புள்ளி இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சுவடிப் படம் ஒண்ணு காட்டி, ஒரே ஒரு வரியைப் படிக்க விட்டா போதும்.

பழைய தமிழ் அச்சைப் போன் ஆப்பில் காட்டி எழுத்தாக்கினா இந்தப் பதிமூணிலும் தப்பு வரும், கூடவே தமிழ் எண்கள் ௧, ௨, ௭ எல்லாம் க, உ, எ ஆயிரும். வருஷமே மாறிப்போகும். கண்ணால ஒரு தடவை சரிபார்க்காம அச்சுக்குக் கொடுக்காதீங்க.

பணம், அளவு வந்தா: சென்னை மாகாணக் கணக்கில் ஒரு நட்சத்திரப் பகோடாவுக்கு (அந்தக் காலத் தங்கக் காசு) 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு, ரூபாய்க் கணக்குக்கு மாறினப்ப பகோடா மூணரை ரூபாய். 'வள்ளம்'னு வந்தா உஷார். கொங்கில் அது தானிய அளவும்தான், நில அளவும்தான், ஊருக்கு ஊர் மாறும். ஏக்கராவா மாத்தி அடைப்புக்குறியில் போடாம வள்ளம்னே விட்டுட்டு, 'உங்க ஊரில் ஒரு வள்ளம் எவ்வளவு'ன்னு வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்க.

நகல் எடுக்க: ஆர்க்கைவ் பிடிஎஃப்-ஐ அப்படியே அச்சடிச்சா பழுப்புத் தாள் எல்லாம் கறுப்பாகி மை குடிக்கும். பக்கத்தைப் படமா இறக்கி, தேவையான பத்தியை மட்டும் வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்தைக் கூட்டின பிறகு ஏ4-ல் பாதி அகலத்துக்கு வைங்க. எழுத்து உயரம் அச்சில் ரெண்டு மில்லிமீட்டருக்குக் குறைஞ்சா கடைசிப் பெஞ்சு கைவிட்டுரும். பதிப்புரிமை பத்திக் கவலை வேண்டாம், 1807, 1887 ஏடுகளுக்கு எப்பவோ காலாவதி. அரசு வெளியீடுன்னா வெளிவந்து 60 வருஷம் கழிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

பெருந்துறை வாத்தியார்:

சரிங்க. முதலில் கம்பும் கணக்கும், அதுக்கடுத்த வாரம் புகளூர். கும்மியில் 'தாது', 'ஈசுவர'ன்னு வருஷப் பெயர்தான் இருக்கு. ஆங்கில ஆண்டு போடணுமா?

நொய்யல்கரை:

நீங்க போடாதீங்க. 1996-97-ம் தாதுதான், அறுபது அறுபதா பின்னால எண்ணினா 1936, 1876. ஈசுவர அதுக்கு அடுத்த வருஷம். பிள்ளைகளே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும், வகுப்பின் முதல் ரெண்டு நிமிஷ வேலை அது.